பினாங்கில் டிஜிட்டல் நாடோடி அனுமதி: சிங்கப்பூரிலிருந்து சட்டப்படி இடம் மாறிய அனுபவம்

தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் தங்குவதற்கு மலேசியா தரும் டிஇ ரந்தாவ் அனுமதியில் கணவர், மகளோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் குடிபோனேன். முதல் ஆண்டு முடிந்து, அனுமதியைப் புதுப்பித்து, இரண்டாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் தேக்காவிலும், செங்காங்கில் எங்கள் பழைய புளோக்கின் கீழ்த்தளத்திலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் ஒரு மாதம் விசாவே வேண்டாமே. மாதா மாதம் வந்து போனால் ஆயிற்று. எதற்குப் பணம் கட்டி அனுமதி?"

வந்து போகலாம்தான். ஆனால் அந்த ஒரு மாதம் சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தரப்படுவது. அதை வைத்துக்கொண்டு அங்கே வீடெடுத்துத் தினமும் எட்டு மணி நேரம் மடிக்கணினியில் சம்பளத்துக்கு வேலை செய்வது வேறு. இப்படி வாழ்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லையில் அதிகாரி "இத்தனை முறை ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்கும் நாள் வரைதான் அந்த ஏற்பாடு. அலுவலகத்திடம் உண்மையான முகவரியைச் சொல்ல முடியாது. காப்புறுதி நிறுவனம் ஒரு கேள்வி கேட்டால் பதில் இருக்காது. பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி வாழ எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த அனுமதியை மலேசிய டிஜிட்டல் பொருளியல் கழகம் 2022 அக்டோபரில் தொடங்கியது. மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தருவார்கள். மேலும் பன்னிரண்டு மாதம் வரை புதுப்பிக்கலாம். தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். பிற துறையினருக்கு 2024இல் வழி திறந்தார்கள். அவர்களுக்கு வரம்பு 60,000 டாலர். கட்டணம் விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், உடன் வருபவருக்குத் தலைக்கு 500. நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருப்பதால் முதல் வகையில் வந்தேன். சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு அந்த வரம்பு ஒரு தடையே இல்லை.

வேறு நாடுகளையும் பார்த்தோம். ஜப்பான் 2024இல் கொண்டுவந்த அனுமதி ஆறு மாதத்துக்குத்தான், நீட்டிப்பு இல்லை; ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் காட்ட வேண்டும். தாய்லாந்தின் டிடிவி விசா ஐந்து ஆண்டு செல்லும், ஐந்து லட்சம் பாட் சேமிப்பு காட்டினால் போதும், ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள். தனியாள் என்றால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். போர்ச்சுகல் அழகான நாடு. ஆனால் இங்கே காலைக் கூட்டம் நடக்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கடிகாரம் ஒன்றே. தீபாவளிக்கு ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் அம்மா வீட்டில் இருக்கலாம். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் மளிகைக் கடையிலும் கிளினிக்கிலும் தமிழில் பேசலாம். எங்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

இனி, எல்லாரும் குறைத்து மதிப்பிடும் விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கத்திடம் அனுமதி வாங்குவதைவிட முதலாளியிடம் அனுமதி வாங்குவதுதான் கடினம். இணையத்தில் பூர்த்தி செய்யும் விண்ணப்பத்துக்குக் கேட்பவை எல்லாம் கையில் இருப்பவைதான்: பாஸ்போர்ட் பக்கங்கள், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, காப்புறுதி. ஆனால் "இவர் மலேசியாவிலிருந்து எங்களுக்காகத் தொடர்ந்து வேலை செய்ய நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்" என்ற ஒற்றை வரியை எழுத எங்கள் மனிதவளப் பிரிவு மாதக்கணக்கில் தயங்கியது.

தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு ஊழியர் வேறு நாட்டில் உட்கார்ந்து நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தம் பேசத் தொடங்கினால், நிறுவனத்துக்கே அங்கே ஒரு நிலையான இடம் இருப்பதாக அந்நாட்டு வரித் துறை கருதலாம். அப்புறம் நிறுவனத்தின் லாபத்துக்கும் அங்கே வரி கேட்பார்கள். ஆகவே எங்கள் கடிதத்தில் என் பணி என்ன என்பது மட்டுமல்ல, எது என் பணி இல்லை என்பதும் எழுதப்பட்டது: வாடிக்கையாளரிடம் விலை பேச மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன், மலேசிய வாடிக்கையாளர் யாரையும் கவனிக்க மாட்டேன். எந்தத் தரவை நாட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது என்பதும் தனிப் பத்தியாக இருந்தது. இந்தக் கடிதம் கைக்கு வராமல் வீட்டை வாடகைக்கு விடாதீர்கள், பள்ளிக்கு முன்பணம் கட்டாதீர்கள். மேலாளர் வாய்மொழியாகத் "தாராளமாகப் போங்கள்" என்று சொன்னதை நம்பிக் கிளம்பிய ஒருவரை, புதிதாக வந்த மேலாளர் திரும்ப அழைத்துக்கொண்டார். அவரிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

அடுத்து வரி. "சம்பளம் சிங்கப்பூர் வங்கியில்தானே விழுகிறது, மலேசியாவுக்கு ஏன் கட்ட வேண்டும்?" என்று பலரும் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பணம் எங்கே விழுகிறது என்பது கணக்கில்லை. எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதே கணக்கு. மலேசியாவில் இருந்தபடி செய்யும் வேலையின் சம்பளம் மலேசியாவில் ஈட்டிய வருமானம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் வரி வகையில் நீங்கள் அங்கே குடியிருப்பாளர், படிப்படியான விகிதம். குடியிருப்பாளர் அல்லாதவர் என்றால், விலக்கு ஏதும் பொருந்தாவிட்டால், நேராக 30 விழுக்காடு. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. குறுகிய காலம் இருப்பவருக்கு அது கைகொடுக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர் அதை நம்பி இருக்க முடியாது.

அந்தப் படிப்படியான விகிதத்தையும் நன்றாகப் பாருங்கள். வரிக்குரிய வருமானம் 100,000 ரிங்கிட்டைத் தாண்டியதும் அடுத்து வரும் ரிங்கிட்டுக்கு 25 விழுக்காடு. அது சுமார் முப்பதாயிரம் சிங்கப்பூர் வெள்ளிதான் (டாலர்)! சிங்கப்பூரில் 40,000 முதல் 80,000 வெள்ளி வரையிலான பகுதிக்கு 7 விழுக்காடுதான் கட்டுகிறோம். "பினாங்கில் வாடகை எவ்வளவு மலிவு" என்று கண்கள் விரியக் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். வாடகையில் மிச்சமாவதில் ஒரு பெரும்பகுதி வரியாகப் போய்விடுகிறது. போகட்டும். அந்த ஊரின் சாலையில் நடக்கிறேன், அந்த ஊர்க் காவல் துறையின் பாதுகாப்பில் என் பிள்ளை உறங்குகிறாள். கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் தெரிந்து போக வேண்டும்.

சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியும் அப்படித்தான். வெளிநாட்டில் நிலையாகப் பணிபுரியும் காலத்துக்கு முதலாளி சந்தா கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 55 வயது வரை முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. அது நின்றால் சம்பள உயர்வு பல ஆண்டுகள் பின்னோக்கிப் போனதற்குச் சமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: கணக்கில் வரவு நின்றாலும் கடன் தவணை நிற்காது, ரொக்கமாகக் கட்ட வேண்டும். நான் கிளம்புமுன் மனிதவளப் பிரிவிடம் பேசி, அந்தப் பங்கில் ஒரு பகுதியைச் சம்பளத்தோடு சேர்த்துத் தர வைத்தேன். அதை நானே விருப்பச் சந்தாவாகக் கட்டுகிறேன். ஆண்டுக்கு எல்லாச் சந்தாவும் சேர்த்து 37,740 வெள்ளி என்ற வரம்புக்குள் இதைச் செய்யலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, வாங்கியவர்கள் தாங்களே குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருந்ததால் முழு வீட்டையும் வீவக ஒப்புதலோடு வாடகைக்கு விட்டோம். இது குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. வீவகவின் புதிய பிளஸ் வகை வீடு வாங்கியவர்களுக்கு அந்தக் காலம் ஐந்தல்ல, பத்து ஆண்டு. நிரந்தரவாசிகள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருந்தால், 180 நாளுக்குள் மீண்டும் விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசத் தகுதியே போய்விடும். எம்பிளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கோ இந்தத் திட்டம் அநேகமாகப் பொருந்தாது. அந்த அட்டை சிங்கப்பூரில் வேலை செய்வதற்காகத் தரப்படுவது. பினாங்கில் குடியிருந்துகொண்டு அதைக் கையில் வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பினாங்கு வாழ்க்கை எதிர்பார்த்ததைவிட எளிதாகவே அமைந்தது. தஞ்சோங் தோக்கோங்கில் கொண்டோமினியம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, ஒரு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்பது அங்கே வழக்கம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய அனுமதி ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேதி தேதியாகப் படித்தார். "ஓராண்டு அனுமதி இருக்கிறது, ஓராண்டு ஒப்பந்தம் எழுதலாம், அம்மா. முத்திரை வரியும் கட்டிவிடுவோம்," என்றார். முத்திரையிட்ட அந்த ஒப்பந்தம்தான் பிறகு இணைய இணைப்புக்கும் மகளின் பாலர் பள்ளிக்கும் முகவரிச் சான்றாக நின்றது. மாதா மாதம் எல்லை தாண்டுபவருக்கு இப்படி ஓராண்டு ஒப்பந்தம் எழுதியிருக்க மாட்டார்.

வங்கியில்தான் அலைந்தோம். முதலில் போன கிளையில் இந்த அனுமதியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. வேலை அனுமதி அட்டையைக் காட்டு என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வங்கியின் இன்னொரு கிளை ஒப்புதல் கடிதத்தைப் பார்த்ததும் கணக்குத் திறந்துகொடுத்தது. அதுவரை கைகொடுத்தது 2023 நவம்பரில் வந்த, சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டுயிட்நவ் ஆகிய பணம் அனுப்பும் சேவைகளின் இணைப்பு. தொலைபேசி எண் இருந்தால் வெள்ளியில் அனுப்பி ரிங்கிட்டில் சேர்ப்பிக்கலாம்.

காப்புறுதியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று வரம்பு வைத்திருக்கும். ஓராண்டு குடியிருப்பவருக்கு அது உதவாது. மலேசியாவில் செல்லுபடியாகும் முழு மருத்துவக் காப்புறுதியே எடுத்தோம். மகளுக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது அதன் அருமை தெரிந்தது. சிங்கப்பூரின் கட்டாய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சந்தா, சிங்கப்பூரில் இல்லாத காலத்துக்கும் கழிந்துகொண்டுதான் இருக்கும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு இணையம் போதுமான வேகம். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் கண் சிமிட்டுவது உண்டு. மேசைக்கடியில் மின்தடையைத் தாங்கும் ஒரு சிறிய யுபிஎஸ் கருவி, கைப்பேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை, இரண்டும் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டோடு இந்த அனுமதி முடிகிறது. நிரந்தரவாசத்துக்கு இது படியல்ல. அந்த எண்ணத்தோடு யாரும் வர வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை காலக்கெடுவை முடிவு செய்தது சிங்கப்பூரில் மகளின் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு) பதிவு. பள்ளிக்கு அருகில் வசிப்பதற்கான முன்னுரிமை வேண்டுமென்றால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் செங்காங் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை, பதிவுக்கு முந்தைய மாதத்தோடு முடியும்படி எழுதி வாங்கியிருக்கிறோம்.