நெப்ராஸ்கா ஹோம்ஸ்டெட் பூங்கா: அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள், பள்ளிக்கூடத்துக்கும் போங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரத்திலிருந்து தெற்கே 40 மைல் போனால் பியாட்ரிஸ் என்ற சின்ன ஊர். ஊர்க்காரர்கள் நடுவில் இருக்கும் 'யாட்'டை அழுத்தித்தான் சொல்வார்கள். அதைத் தாண்டி மேற்கே நாலு மைலில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. லிங்கனில் குடியிருக்கும் இந்த ஏழு வருடத்தில் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்றாவது தடவை, போன ஜூலையில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அம்மா அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் 31 வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதில் முதல் ஆறு வருடம் ஓராசிரியர் பள்ளி.

காரை நிறுத்தும் இடத்திலேயே பார்க்க ஒன்று உண்டு. அந்த பார்க்கிங் சரியாக ஒரு ஏக்கர் அளவில் போடப்பட்டது. சொன்னதும் அம்மா இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தார். "இதைப் போல 160 மடங்கா தாயி ஒரு குடும்பத்துக்கு?" என்றார். ஆமாம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அது. குடியேறிப் பயிர் வைப்பவர்களுக்கு அரசு நிலத்தைக் கொடுத்த சட்டம். 21 வயதானவர்கள், குடும்பத் தலைவர்கள், தனியாக வாழும் பெண்கள், குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்த வெளிநாட்டார் என்று பலரும் 160 ஏக்கர் வரை கேட்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்து, பயிர் வைத்து, தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் பட்டா கைக்கு வரும்.

2007ல் திறந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் கூரை, மண்ணைப் புரட்டிக்கொண்டு போகிற கலப்பை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வாசலுக்குப் போகும் வழியில் 30 மாநிலங்களின் உருவத்தில் தகடுகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிலம் இந்தச் சட்டத்தில் போனதோ அந்த அளவுக்கு ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். மொத்தம் 27 கோடி ஏக்கர். சுமார் 40 லட்சம் பேர் கேட்டதில் பட்டா வாங்கியது 16 லட்சம் பேர்தான். மழை பொய்த்தும், 1874ல் போல வெட்டுக்கிளி வந்து விளைந்ததையெல்லாம் தின்றும், அக்கம்பக்கம் ஆளில்லாத தனிமை தாங்காமலும் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிலத்தில் முன்பு இருந்த ஓட்டோ மிசூரியா பழங்குடி மக்களைப் பற்றியும் உள்ளே மறைக்காமல் சொல்கிறார்கள். பூங்கா இருக்கும் இதே கேஜ் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) தெற்கே அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தையும் விட்டு, 1881ல் அவர்கள் ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டி வந்தது. இலவச நிலம் என்று பேசும் இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இந்த மதிப்புரையே எழுதியிருக்க மாட்டேன்.

கடைசிப் பட்டா அலாஸ்காவில் 1988ல். அதை வாங்கிய கென் டியர்டார்ஃபின் டிராக்டர் உள்ளே நிற்கிறது. என் மகன் அதைவிட்டு நகரவில்லை. வெளியே 1867ல் கட்டிய மர வீடு ஒன்று இருக்கிறது. அகலம் 14 அடி, நீளம் 16 அடி. அதில் பத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வரவேற்பறை அதைவிடப் பெரிது.

பெரும்பாலான பேர் இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை அப்படித்தான் செய்தேன். அதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் மேற்கே போனால் ஃப்ரீமேன் பள்ளி. 1872ல் செங்கல்லால் கட்டிய ஒற்றை அறை. 1967 வரை, 95 வருடம், பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அதே அறையில்தான் தேர்தலும் நடந்தது, ஊர்க் கூட்டமும் நடந்தது. போவதற்கு முன் பூங்கா ஊழியர்களிடம் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று திறந்திருந்தது. அன்றைக்கு எங்களுக்குச் சுற்றிக்காட்டியது எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. 1950களில் நெப்ராஸ்காவின் வேறொரு மூலையில் இதே மாதிரி ஒற்றை அறைப் பள்ளியில் படித்தவர்.

அம்மா என் மூலமாக முதலில் கேட்டது: "எட்டு வகுப்பையும் ஒரே ஆள் எப்படிச் சமாளிச்சாங்க?" பாட்டி முன்னால் இருந்த பெஞ்சைக் காட்டினார். ஒரு வகுப்பை அங்கே கூப்பிட்டுப் பத்து நிமிடம் பாடம். மற்றவர்கள் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்கு எழுத்துக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார் பாட்டி. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா தலையாட்டிவிட்டார். பாதி அவருக்கே புரிந்துவிட்டது.

பிறகு இரண்டு பேரும் பேசியதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அடுப்புக்கு நிலக்கரியும் மக்காச்சோளத் தக்கையும் சுமந்துவருவது பெரிய பையன்களின் முறை. வாளித் தண்ணீருக்கு எல்லாருக்கும் ஒரே அகப்பை. சிரப் டின்னில் மதியச் சாப்பாடு. குளிர்காலத்தில் காலையில் வந்ததும் ஆளுக்கொரு உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டால் மதியம் வெந்திருக்குமாம். தன் கிழங்கு எதுவென்று தெரிய அதில் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்ததைப் பாட்டி விரலால் எழுதிக் காட்டினார்.

1888 ஜனவரி 12 பனிப்புயலையும் அவரே சொன்னார். காலையில் வெயில் இதமாக இருந்ததால் பிள்ளைகள் கனமான கோட்டு இல்லாமல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பகலில் திடீரென்று புயல் பிடித்துக்கொண்டது. கை நீட்டினால் கை தெரியாத பனி. வீட்டுக்கு அனுப்பிவிடுவதா, விறகு தீர்ந்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு ஆசிரியையும் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சமவெளி முழுக்க நிறையப் பிள்ளைகள் வழியிலேயே இறந்துபோனார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த டீச்சர்மார்களுக்கு என்ன வயசு இருந்திருக்கும்னு கேளு" என்றார். பதினேழு, பதினெட்டு என்றார் பாட்டி. பதினாறு வயதிலும் சிலர் பாடம் எடுத்தார்களாம். அம்மா வேலையில் சேர்ந்தபோது அவருக்கு இருபது.

இந்தப் பள்ளிக்கு இன்னொரு கதையும் உண்டு. வகுப்பில் ஆசிரியை பைபிள் வாசிப்பதை எதிர்த்து டேனியல் ஃப்ரீமேன் வழக்குப் போட்டார். 1863 ஜனவரி 1ல் ஹோம்ஸ்டெட் சட்டம் நடப்புக்கு வந்த அன்றே நிலத்துக்கு மனுக் கொடுத்தவர் அவர். பூங்கா இருப்பதும் அவர் நிலத்தில்தான். 1902ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அருங்காட்சியகத்தில் ஃப்ரீமேனை நிலத்துக்காரராக மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அரை நாளாவது ஒதுக்குங்கள். குழந்தைகள் இருந்தால் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நிரப்பிக் கொடுத்தால் பேட்ஜ் கிடைக்கும். புல்வெளிப் பாதையில் நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். உண்ணி ஏறும், காலை மூடும் உடுப்பு நல்லது. சுமார் 100 ஏக்கரில் பழைய நாட்டுப் புல்லை 1939லிருந்து மறுபடி வளர்த்து வருகிறார்கள். செப்டம்பரில் அந்தப் புல் ஆள் உயரத்தைத் தாண்டிச் செம்பழுப்பாக நிற்கும். ஜூலையில் அம்மாவின் இடுப்பளவுதான் இருந்தது. "வளர்ந்ததும் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். அவருடைய திரும்பும் டிக்கெட் ஆகஸ்ட் 19க்கு. செப்டம்பர் முதல் சனிக்கிழமை நான் மட்டும் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்தையும் ஒன்று எடுத்து அனுப்பச் சொன்னார்.