மஹேலியா ஜாக்சன் ஆரம்பகாலத் தொகுப்பு: பாட்டுக்கு வாங்கினேன், புத்தகம்தான் பிடித்துக்கொண்டது

கோஸ்பல் என்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டுக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகி மஹேலியா ஜாக்சன். அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகள் இரண்டு சிடியில், கூடவே ஒரு குட்டிப் புத்தகம். பாட்டுக்காகத்தான் வாங்கினேன், ஆனால் முதல் நாள் ராத்திரி சிடியை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை, புத்தகத்தோடேயே உட்கார்ந்துவிட்டேன். எழுத்து எறும்பு அளவுதான், கண் வலித்தது.

1911-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர் மஹேலியா. சின்ன வயதிலேயே அம்மா போய்விட, வளர்த்தது டியூக் பெரியம்மா. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வீட்டுச் சாமான்களைத் தடவிப் பார்ப்பாராம், தூசி ஒட்டினால் அடிதான். அந்த வீட்டில் கோயில் பாட்டைத் தவிர வேறு பாட்டுக்கு இடமில்லை, ஆனாலும் பெரியம்மா வெளியே போன நேரம் பார்த்து, ப்ளூஸ் என்கிற பக்தி சாராத பாட்டு பாடும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டு சுழலும். பக்கத்திலேயே ஹோலினஸ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை வேறு, அங்கே டிரம்மும் டாம்பரினும் காலால் போடும் தாளமுமாக அதிரும். இவர் பாடியதோ அமைதியான பாப்டிஸ்ட் சபையில்!

பதினாறு வயதுவாக்கில் சிகாகோவுக்குப் போய், துணி துவைத்து, வீட்டு வேலை செய்து, சபைப் பாடகர் குழுவில் சேர்ந்தார். அந்தக் காசில் 4 டாலர் கொடுத்து ஒரு பாட்டு வாத்தியாரிடம் போனால், அவர் 'இப்படிக் கத்தாதே' என்றாராம். அடுத்த வகுப்புக்கு இவர் போகவே இல்லை. நல்லவேளை.

சரி, சிடிக்கு வருவோம். 1937-ல் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடிய நான்கு பாட்டும் இதில் இருக்கின்றன. அப்போது அவை சரியாக விற்கவில்லை, ப்ளூஸ் பாடச் சொன்னதற்கு இவர் மறுத்துவிட்டார். ஆனால் கேட்டுப் பாருங்கள், சொல்லின் கடைசி எழுத்தை விடாமல் இழுத்து வளைக்கிற இடத்தில் பெஸ்ஸி ஸ்மித் தெரிகிறார், வரி முடிந்த கையோடு வரும் அந்த உறுமலில் ஹோலினஸ் சபை தெரிகிறது. புத்தகத்தைப் படிக்காமல் கேட்டிருந்தால் எனக்கு இது பிடிபட்டிருக்காது.

இப்படிப்பட்ட பாட்டுகளைக் கொண்டுபோய் இரண்டாவது சிடியின் கடைசியில் சொருகியிருக்கிறார்கள், ஏன் என்றே புரியவில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் சொரசொரப்பையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். அப்புறம் 1947-ல் பதிவான, அவரை நாடறியச் செய்த பாட்டு: அந்தக் காலத் தட்டில் இடம் போதாமல் இரண்டு பக்கமாக வந்தது. இங்கேயும் பாதியில் நின்று, ஒரு வினாடி மௌனம், பிறகு மறுபடி ஆரம்பிக்கிறது. அதை மட்டும் ஒட்டாமல் விட்டதற்கு நன்றி, தட்டைத் திருப்பிப் போட்ட மாதிரியே இருந்தது.