டோஸ் பார்க்க எதைத் திறப்பது: செங்கோட்டைப் பக்கத்து ஓபி அனுபவம்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஓபி மேசைக்கு வரும் சீட்டுகளில் பல, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புனலூரிலும் கொல்லத்திலும் எழுதப்பட்டவை. சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருக்கும். அந்த பிராண்ட் இங்குள்ள மருந்துக்கடையில் கிடைக்காது. இதற்கு பிராண்ட் மருந்துகளின் பட்டியலான சிம்ஸை (CIMS) மிஞ்ச இன்னும் ஆள் இல்லை. பிராண்டைத் தேடினால் உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று உடனே தெரிந்துவிடும். டோஸை மட்டும் அதோடு முடிக்க வேண்டாம். அதற்கு 2021-ல் வந்த நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா என்ற மருந்துக் கையேட்டின் ஆறாம் பதிப்பையோ, குழந்தை என்றால் பிரிட்டன் மருந்துக் கையேடான பி.என்.எஃப்.-இன் குழந்தைகள் பதிப்பையோ திறக்க வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் நம்மைக் கைவிடும் என்பதால், ஆஃப்லைனில் வேலை செய்யும் ஒரு மருந்து ஆப்பை இறக்கி வைத்திருப்பது நல்லது.

புத்தகத்தில் டோஸ் சரியாகத்தான் இருக்கும். தப்பு நடப்பது பாட்டிலில். பாராசிட்டமாலையே பாருங்கள். 10 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 6 மி.லி.; 250 என்றால் 3 மி.லி.; டிராப்ஸ் மி.லி.க்கு 100 மி.கி. என்றால் வெறும் 1.5 மி.லி. அதே ‘6 மி.லி.’யை வீட்டில் இருக்கும் டிராப்ஸ் பாட்டிலில் அளந்து ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்கு. அமெரிக்க அட்டவணைகள் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற சிரப்பை வைத்து எழுதியவை. அந்த மி.லி. கணக்கு நம் 125, 250 பாட்டில்களுக்குப் பொருந்தாது.

அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக்கான கோ-அமாக்ஸிகிளாவில் சிக்கல் இன்னும் கூடுதல். லேபிளில் 228.5 என்று இருந்தால் அதில் அமாக்ஸிசிலின் 200, மீதி 28.5 கிளாவுலனேட். கிலோ கணக்கு பெரும்பாலும் அமாக்ஸிசிலினுக்குச் சொல்லப்படுவது. பி.என்.எஃப். குழந்தைகள் பதிப்போ சிறு குழந்தைகளுக்கு 125/31 (5 மி.லி.யில் அமாக்ஸிசிலின் 125, கிளாவுலனேட் 31) சஸ்பென்ஷனின் மி.லி.யாகவே டோஸைத் தருகிறது. அந்த எண்ணை 228.5 பாட்டிலுக்கு எழுதினால் டோஸ் ஏறிவிடும். புத்தகத்திலிருந்து மி.கி.யை மட்டும் எடுங்கள். மி.லி.யைக் கையில் இருக்கும் லேபிளைப் பார்த்துப் போடுங்கள். சீட்டில் ‘150 மி.கி. = 6 மி.லி. (125/5)’ என்று மூன்றையும் எழுதினால், மருந்துக்கடையில் பாட்டில் மாறினாலும் மறுபடி கணக்குப் போட முடியும்.

அடுத்த பள்ளம் சிறுநீரகம். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த, 70 வயது, 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியேட்டினின் 1.4. பார்த்தால் லேசாகத் தெரியும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைப் போடுங்கள்: (140 − 70) × 45 ÷ (72 × 1.4) = 31.25, பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 26.6. முப்பதுக்குக் கீழே வந்துவிட்டது. ரத்தக்கட்டிக்கு எனாக்ஸாபரின் கிலோவுக்கு 1 மி.கி. என்று 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவது, இவருக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். ஆப் கேட்கும் எடைக் கட்டத்தில் உத்தேசமாக 60 என்று அடித்தால் விடை 35-க்கு மேல் போய், எச்சரிக்கையே வராது. ஓபியில் எடை மெஷின் இல்லாமல் எந்த ஆப்பும் பிரயோஜனமில்லை.

பாம்புக்கடிக்கு வெளிநாட்டு ஆப்பைத் திறக்கவே வேண்டாம். அங்கே வருவது வேறு நாட்டுப் பாம்புக்கான மருந்து. நம் பாலிவேலன்ட் ஏ.எஸ்.வி. (பல பாம்புகளின் விஷத்துக்கான முறிவு மருந்து) தொடக்கத்தில் 8 முதல் 10 வயல், அதாவது குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் கடித்த பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஆரியங்காவுப் பக்கத்து ஆட்கள் ‘அணலி’ என்றால் கண்ணாடி விரியன். அதற்கு இந்த மருந்து வேலை செய்யும். ஆனால் மூக்கு நுனி தூக்கிய சிறு குழிவிரியனும் இதே மலையில் உண்டு. அதன் விஷத்துக்கு நம் ஏ.எஸ்.வி. பிடிக்காது. வயல் வயலாக ஏற்றியும் 6 மணி நேரம் கழித்து 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறையவில்லை என்றால், அடுத்த வயலை உடைக்கும் முன் பாம்பின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். சிறுநீர் அளவைக் குறித்துக்கொண்டே டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.