பெல்லியா, லோஃபரா, மேரி ஜேனா? ஹீல்ஸ் இல்லாத ஃபார்மல் ஷூக்கள் ஓர் ஒப்பீடு

ஹீல்ஸ் இல்லை என்றாலே காலுக்கு இதம் என்று நம்பித்தான் பலர் ஃபார்மல் உடைக்கு பெல்லி எனப்படும் தட்டையான ஷூவை வாங்குகிறார்கள். வங்கி கவுன்ட்டர், ஹோட்டல் வரவேற்பு, நீதிமன்றம் என்று நாள் முழுக்க நிற்கும் வேலையில் மதியத்துக்குள்ளேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இங்கே உயரத்தைவிட முக்கியம் பிடிப்பு. ஷூ காலை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்த்தால், எங்கே வலிக்கும் என்பதைக் கடையிலேயே கணித்துவிடலாம்.

பெல்லிக்கு வாரும் இல்லை, லேஸும் இல்லை. விரல்களும் குதிகாலும் மட்டுமே அதைத் தாங்க வேண்டும். கழலக் கூடாதென்று இறுக்கமாக வாங்கினால் சுண்டுவிரலும் பெருவிரல் மூட்டும் நசுங்கும். தளர்வாக வாங்கினால் ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் மடங்கி ஷூவைக் கவ்வும். மாலையில் முன்பாதமும் கெண்டைக்காலும் வலிக்கும். விளிம்பு முழுக்க எலாஸ்டிக் கொடுத்துச் சுருக்கிய ரகம் இன்னும் மோசம், குதிகாலின் பின்புறத்தை அறுத்துக் கொப்புளமாக்கிவிடும். சேலை, சுடிதார் இரண்டுக்கும் பொருந்தும், கைப்பையில் அடங்கும் என்பது உண்மைதான். ஒரு மணி நேர விழாவுக்குச் சரி. எட்டு மணி நேர வேலைக்கு வேண்டாம்.

லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் லோஃபரில், புறங்காலின் குறுக்கே வரும் தோல் பிடித்துக்கொள்கிறது. விரல்கள் கவ்வ வேண்டியதில்லை. பெரும்பாலும் 2 செ.மீ. அளவுக்குக் குதியும் இருக்கும். காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிப்பவர்களுக்கு, முற்றிலும் தட்டையான சோலைவிட இந்தச் சிறு உயரம் பெரும்பாலும் இதமாக இருக்கும். புறங்கால் மேடாக உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் குறுக்குத் தோல் அழுத்திச் சிவந்த தடம் விழும். அசல் தோல் நாளடைவில் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. அதனால் பக்கவாட்டில் சற்று இறுக்கம் இருந்தால் வாங்கலாம், விரல் நுனி இடித்தால் வாங்கக் கூடாது. ரெக்ஸின் பெரிதாக இளகாது. இளகித் தொளதொளத்துப்போன லோஃபருக்குக் குதியில் பஞ்சு ஒட்டுவதைவிட, புறங்காலை மூடும் நாக்குப் பகுதியின் அடியில் மெல்லிய திண்டு ஒட்டினால் கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு நன்றாக உட்காரும்.

நாள் முழுக்கப் போட ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால், புறங்காலின் குறுக்கே வார் வைத்த மேரி ஜேன் வாங்குங்கள். அந்த வார்தான் வேலை முழுவதையும் செய்கிறது. விரல் பகுதி தாராளமாக இருந்தாலும் ஷூ கழலாது. மாலையில் கால் வீங்கினால் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். துளை போதவில்லை என்றால் செருப்புத் தைப்பவர் நிமிடத்தில் போட்டுத் தருவார். வார் கணுக்காலை நோக்கி மேலே இருந்தால் பிடிப்பு அதிகம், விரல் பக்கம் இறங்கி இருந்தால் வெறும் அலங்காரம். பெருவிரல் மூட்டு புடைத்திருப்பவர்கள், அந்த இடத்தில் தையல் வராத மாடலாகப் பார்க்க வேண்டும்.

பேன்ட்டுக்கு என்றால் லேஸ் கட்டும் டெர்பியும் நல்ல தேர்வு. லேஸ் துளைகள் உள்ள இரு மடிப்புகளும் மேலே தனியாகத் தைக்கப்பட்டிருப்பதால், மடிப்புகள் அடியில் தைக்கப்பட்ட ஆக்ஸ்போர்டு லேஸ் ஷூவைவிட அகலமாகத் திறக்கும். மருத்துவர் சொன்ன இன்சோலை வைக்கவும் ஆழம் இருக்கும். பின்வார் மட்டும் உள்ள ஸ்லிங்பேக்கில் எலாஸ்டிக் தளர்ந்ததும் பிடிப்பு போய்விடும்.

சைஸ் விஷயத்திலும் இதே கணக்குத்தான். யூகே எண்ணில் ஒன்று கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், ஐரோப்பிய எண்ணில் 6.7 மி.மீ.தான். நம் கடைகளில் அரை சைஸ் அரிது. 5 இடிக்கிறது, 6 தளர்கிறது என்றால் வாரோ லேஸோ உள்ள ஷூவில் 6 எடுத்து இறுக்கிக்கொள்ளலாம். பெல்லியில் அதற்கு வழியில்லை.

மாலையில் போய், இரண்டு காலிலும் போட்டு, நின்றபடி பாருங்கள். பெரிய காலுக்கு ஏற்ற சைஸை எடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும். இன்சோல் கழலுமானால் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். கால் விளிம்பு வெளியே வழிந்தால் அந்த ஷூ குறுகல். பிறகு ஷூவை மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் உள்ளங்காலைத் தாங்கும் ஷாங்க் பட்டை இல்லை அல்லது பலவீனம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இறுக்கம் தெரிகிறதா என்பதை நம்பக் கூடாது. புது ஷூவைச் சற்று நேரம் போட்டுக் கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

எப்போதாவது விசேஷத்துக்கு மட்டும் போடுவதாக இருந்தால் பாலியூரித்தேன் சோல் வேண்டாம். காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தாலே உதிர ஆரம்பித்துவிடும். ரப்பர் அல்லது டிபிஆர் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் வகை) சோலா என்று கேட்டு வாங்குங்கள்.