முதல் தடவை பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு எந்தத் தண்ணீர் பாட்டில்?

பள்ளி திறக்கும் வாரத்தில் பாட்டிலைப் பெரும்பாலும் அதன் மேலுள்ள பொம்மைப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். படத்தை விட்டுவிட்டு மூடியைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பாட்டிலும் மோசமான பாட்டிலும் வேறுபடுவது அங்கேதான்.

பட்டனை அழுத்தினால் வாய்முனை எழும்பும் ஸ்ட்ரா பாட்டில் சின்னக் குழந்தைகளுக்கு வசதி. தலையை அண்ணாந்து சாய்க்க வேண்டாம், சட்டையில் கொட்டாது. ஆனால் மூடிக்குள் பொதுவாக நான்கு சிலிகோன் பாகங்கள் இருக்கும்: வாய்முனை, ஸ்ட்ரா, கழுத்து வாஷர், காற்று வால்வு. மிளகளவே இருக்கும் அந்த வால்வைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை உறிஞ்சும்போது வெளிக்காற்றை உள்ளே விடுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் ஏறாது. பாட்டில் மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பும். திட்டு மட்டும் குழந்தைக்கு விழும். கழுவும்போது அந்த வால்வு கழன்று சாக்கடையோடு போனாலோ, பை நனையும்.

திறந்ததும் ஸ்ட்ராவிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது என்ற புகார் அடிக்கடி வருவது. காரணம் வெப்பம். குளிர்ந்த நீரை ஊற்றி மூடிய பாட்டில் வெயிலில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. வால்வு ஒருவழி என்பதால் வெளியேற முடியாமல், தண்ணீரை ஸ்ட்ரா வழியே தள்ளுகிறது. பாதி நிரப்பிய பாட்டிலில் காற்று அதிகம், பீய்ச்சலும் அதிகம். அறை வெப்பத்திலுள்ள நீரைக் கழுத்துவரை நிரப்பினால் தொல்லை பெருமளவு குறையும். வெந்நீர் ஊற்றவே கூடாது.

ஒழுகுகிறதா என்று பார்க்க, நிரப்பி மூடி, ஒரு டிஷ்யூ தாளின் மேல் பத்து நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். திருகும் இடத்தில் ஈரம் என்றால் வாஷர் முறுக்கியோ தலைகீழாகவோ உட்கார்ந்திருக்கிறது. வாய்முனையில் ஈரம் என்றால் வாய்முனையோ ஸ்ட்ராவோ சரியாகப் பொருந்தவில்லை.

சூடு, குளிர் தாங்கும் இரட்டைச்சுவர் எவர்சில்வர் பாட்டில் பெரியவர்களுக்கு நல்ல பொருள். நான்கு வயதுக் குழந்தைக்கு அனாவசியச் சுமை. 400 மில்லி தண்ணீரே 400 கிராம். அதற்குமேல் இரண்டு சுவர்களின் எடையையும் அந்தத் தோள் தூக்க வேண்டும். கீழே விழுந்து நசுங்கினால் இடையிலுள்ள வெற்றிடம் போய்விடலாம். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் வெளிச்சுவர் சுட்டால் போயே விட்டது என்று அர்த்தம். அடிப்பாகத்தையும் பாருங்கள். சில தயாரிப்புகளில் அங்கே வெற்றிடத்தை மூடி அடைத்த புள்ளியில் ஈயம் இருக்கும், அதை ஒரு தகடு மூடியிருக்கும். அடிப்பகுதி கழன்று ஈயம் வெளிப்படக்கூடும் என்பதற்காக 2022 நவம்பரில் அமெரிக்காவில் கிரீன் ஸ்ப்ரவுட்ஸ் நிறுவனத்தின் சுமார் 10,500 குழந்தைக் கோப்பைகளும் பாட்டில்களும் திரும்பப் பெறப்பட்டன. அடித்தகடு ஆடினால் அந்தப் பாட்டிலைக் குழந்தைக்குத் தராதீர்கள்.

எங்கள் தேர்வு: ஒற்றைச்சுவர் எவர்சில்வர், 350 முதல் 400 மில்லி, அகல வாய், கழற்றக்கூடிய பாகங்கள் மூன்றுக்கு மேல் இல்லாத மூடி. பிளாஸ்டிக் இன்னும் லேசானது, கீழே போட்டால் சத்தமும் வராது. ஆனால் கீறல் விழுந்த உட்சுவரில் வழுவழுப்பு படிந்தால் எளிதில் போகாது. எதை எடுத்தாலும், மூடியைக் குழந்தையே மூன்று முறை திறந்து மூடட்டும். பெரியவர் விரலே திணறும் கொக்கிப் பூட்டு வேண்டவே வேண்டாம்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. தினமும் ஸ்ட்ராவுக்கான மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பாகங்களைத் தனித்தனியாகக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பாட்டில்தான் திங்கட்கிழமை காலையில் நாறும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவிடலாம். எவர்சில்வரில் பிளீச் ஊற்றினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். சிலிகோனில் ஊறிய கரும்புள்ளி எதற்கும் அசையாவிட்டால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். ஆகவே வாங்கும் அன்றே, ஸ்ட்ராவும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பெயரைப் பாட்டிலின் உடம்பில் ஒன்று, மூடியில் ஒன்று என இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். வகுப்பில் மூடிகள்தான் மாறிப்போகும்.