கில்சனின் வகுப்பறையும் மையரின் மேசையும்

ஐரோப்பாவின் இடைக்கால மெய்யியலை ஆராய்வதற்கே ஆயுளைக் கொடுத்தவர்களில் இந்த இருவரை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பிரெஞ்சுக்காரரான எத்தியேன் கில்சன் (1884–1978), பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளர் தெக்கார்த்திலிருந்து பின்னோக்கிப் போனவர். தெக்கார்த்தின் சொற்களுக்கு அருகே இடைக்கால ஆசிரியர்களின் வரிகளை அடுக்கி ஓர் அகராதியே செய்தார். பிறகு பாரிசின் சோர்போனில் ஆசிரியப் பணி, 1929இல் டொராண்டோவில் இடைக்கால ஆய்வு நிறுவனம், 1932இல் பாரிசின் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர் பதவி. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவைனாசின் மெய்யியலுக்கு இருத்தலே மையம் என்ற அவரது வாதத்தை மாணவர்கள் சுமந்து சென்றார்கள்.

அன்னலீசே மையர் (1905–1971) ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸின் கடிதங்களைத் தேடி ரோமுக்குப் போனார்; வத்திக்கான் நூலகத்தின் கையெழுத்துப் படிகளிலேயே தங்கிவிட்டார். பாதிச் சொல்லை விழுங்கிய லத்தீன் சுருக்கங்களைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தார். பலன் பெரிது. எறிந்த பொருள் ஏன் தொடர்ந்து நகர்கிறது என்பதை விளக்க, பதினான்காம் நூற்றாண்டின் பூரிதான் சொன்னது இம்பெடஸ் கோட்பாடு. அதில் நவீன இயற்பியலின் நிலைமத்துக்கான (inertia) விதையைக் கண்டார் அறிவியல் வரலாற்றாசிரியர் பியேர் துயெம். மையர் வித்தியாசத்தைக் காட்டினார்: இம்பெடஸ், பொருளுக்குள் இருந்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விசை, நிலைமத்துக்கோ தள்ளுவதற்கு எதுவுமே தேவையில்லை. அறிவியல் வரலாற்றுக்கான சார்ட்டன் பதக்கம் 1966இல் அவரைத் தேடி வந்தது.

ஒரு மரபையே வளர்க்க விரும்புகிறவருக்கு கில்சனின் வழிதான் சரி. எனக்கோ மையரின் மேசைதான் வேண்டும். கையெழுத்துப் படிகளின் அந்த மங்கிய மையில்தான் துயெமின் முடிவு திருத்தப்பட்டது.