ரிங் கேப்பா, போர் கேஜா? பழைய அம்பாசடர் இன்ஜின்ல சிலிண்டர் தேய்மானத்த எத நம்பி முடிவு பண்றது

அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின பிரிச்சதும் வர்ற முதல் கேள்வி, பிஸ்டன சுத்தி இருக்குற ரிங் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல போர் பண்ணணுமா, அதாவது சிலிண்டர் துளைய (அதுக்கும் பேர் போர்தான்) கடைஞ்சு பெருசாக்கி பெரிய பிஸ்டன் போடணுமா. பட்டறைல ஒருத்தர் உள்ள விரல விட்டுப் பாத்துட்டு "போயிடுச்சுப்பா, நாப்பது போட்டுரு"ன்னுவார் (ஒரு இஞ்சுல ஆயிரத்துல நாப்பது பங்கு பெரிய பிஸ்டன்), இன்னொருத்தர் "இன்னும் அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும், ரிங்க மாத்தி மூடு"ன்னுவார், ரெண்டு பேருமே அளந்து பாத்திருக்க மாட்டாங்க. இந்த பிளாக்குக்கு ஒவ்வொரு போரும் ஒரு ஆயுசு, ஒருதடவ எடுத்த இரும்பு திரும்ப வராது, அதனால தேவையில்லாம போர் பண்றத பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். சரி, அளக்க என்னென்ன வழி இருக்கு, எது எவ்வளவு சொல்லும்னு பாப்போம்.

முதல்ல தேய்மானம் எங்க விழும்னு புரிஞ்சுக்கணும். பிஸ்டன் மேல வந்து ஒரு கணம் நின்னு திரும்புற இடத்துல ஆயில் படலம் அறுந்துடும், அதே நேரம் எரியற கேஸ் ரிங்குக்கு பின்னாடி புகுந்து அத சுவர்ல அழுத்தும், போதாக்குறைக்கு சோக் போட்டு ஸ்டார்ட் பண்றப்போ பெட்ரோல் வேற அந்த ஆயில கழுவிடும். அதனால முதல் ரிங் திரும்புற இடம்தான் அதிகமா தேயும். அதுக்கு மேல ரிங் போகாத இடம் அப்படியே இருக்கும், அதான் நகத்துல தட்டுற விளிம்பு. அடிப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரிஜினல் சைஸ்லயே இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். கிராங்குக்கு குறுக்கா இருக்குற ரெண்டு சுவர்லயும் பிஸ்டன் சாயறதால அந்தப் பக்கம் கூடுதலா தேயும், அது ஓவாலிட்டி. இந்த ரெண்டையும் சொல்லாத எந்த சோதனையும் பாதி சோதனைதான்.

நகத்தால விளிம்ப தடவிப் பாக்குறது தேய்மானம் இருக்குன்னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. அதுவும் மேல அப்பியிருக்குற கார்பன சுரண்டி எடுத்துட்டு தடவணும், இல்லன்னா கார்பன் விளிம்பையே இரும்பு விளிம்புன்னு நினைச்சுப்போம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் குடுக்குதுன்னு பாக்குறது), லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்த அடிச்சு எவ்வளவு கசியுதுன்னு பாக்குறது) ரெண்டும் இன்ஜின பிரிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. கம்ப்ரஷன் கம்மியா காட்டுற சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் ஊத்தி மறுபடி பாத்தா அளவு ஏறிச்சுன்னா ரிங்லயோ போர்லயோ கோளாறு, ஏறலன்னா வால்வு பக்கம் பாருங்க. லீக் டவுன்ல காத்து எங்க சீறுதுன்னு காத குடுத்துக் கேக்கலாம், ஆயில் ஊத்துற மூடி வழியா வந்தா ரிங் பக்கம், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட். நல்ல சோதனைதான், ஆனா ரிங் ஒடஞ்சிருக்கா, கார்பன்ல ஒட்டிக்கிச்சா, போர் தேஞ்சிருக்கான்னு இதுல பிரிச்சு சொல்ல முடியாது. வண்டி வாங்குறதுக்கு முன்னாடி இது போதும், போருக்கு இத நம்பாதீங்க.

இப்போ முக்கியமான போட்டி, ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுங்க) வச்சு ரிங் கேப் பாக்குறதுக்கும், துளையோட விட்டத்த முள்ளுல காட்டுற டயல் போர் கேஜுக்கும்.

ரிங் கேப் முறைக்கு ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் இருந்தா போதும். ரிங்க போருக்குள்ள விட்டு பிஸ்டன தலைகீழா வச்சு தள்ளி நேரா நிறுத்தணும், கோணலா நின்னா எல்லாமே தப்பு. விளிம்புக்கு கொஞ்சம் கீழ ஒரு தடவ, ரிங் ஓடாத அடிப்பக்கத்துல ஒரு தடவ, ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற கேப்ப அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த 3.14 ஆல வகுத்தா டேப்பர் வந்துடும். மேல 38 தௌ, கீழ 13 தௌ இருந்தா வித்தியாசம் 25, அதாவது டேப்பர் 8 தௌ. ஒரு இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் தௌ. செலவே இல்லாம இவ்வளவு தெரிஞ்சுக்கலாம்ங்கறதால எனக்கு இந்த முறை மேல ரொம்ப மரியாதை உண்டு.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ரிங் அளக்கறது சுத்தளவ, அதனால போர் முட்ட வடிவத்துல இருந்தாலும் அது சராசரியத்தான் சொல்லும். இந்த இன்ஜினோட ஸ்டாண்டர்டு போர் 2.875 இஞ்ச், 73.025 மிமீ. தேஞ்ச இடத்துல கிராங்க் போற திசைல 2.878, குறுக்கால 2.884 இருக்குன்னு வச்சுக்கோங்க. ரிங் கேப் கணக்கு 6 தௌன்னு சொல்லும், நீங்களும் சரி ஹோன் பண்ணி (சாணைக்கல்லால சுவர லேசா தேய்ச்சு) ரிங் போட்டுக்கலாம்னு யோசிப்பீங்க, ஆனா உள்ள குறுக்கால 9 தௌ போயிருக்கு, ஓவாலிட்டி மட்டுமே 6 தௌ. வட்டமா செஞ்ச புது ரிங் அந்த முட்டைல சரியா உக்காராது, ஆயில் குடிக்கும், புகை வரும், பண்ண வேலை எல்லாம் வீண்.

போர் கேஜ் இத நேரா காட்டிடும். மைக்ரோமீட்டர்ல 2.875 செட் பண்ணி கேஜ பூஜ்யத்துக்கு கொண்டு வந்து, போருக்குள்ள விட்டு முன்னும் பின்னும் மெதுவா ஆட்டினா முள் ஒரு இடத்துல திரும்பும், அந்த திரும்புற இடம்தான் அளவு. மேல, நடுவுல, கீழன்னு மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு திசை, ஒரு சிலிண்டருக்கு 6, நாலுக்கும் சேத்து 24 அளவு. பேப்பர்ல எழுதுங்க, மனசுல வச்சுக்காதீங்க. பிளாக் நல்லா ஆறியிருக்கணும். விலை கம்மியான கேஜா இருந்தாலும் டேப்பருக்கும் ஓவாலிட்டிக்கும் போதும், ஏன்னா நாம பாக்குறது வித்தியாசத்தத்தான், அடிப்பக்கத்துல பூஜ்யம் வச்சுட்டு மேல போனா முடிஞ்சுது. சரியான சைஸ் வேணும்னா மட்டும்தான் நல்ல மைக்ரோமீட்டர் வேணும். டெலஸ்கோபிக் கேஜும் (உள்ள விரிஞ்சு நிக்குற, வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல அளக்குற கம்பி) இதே வேலைய செய்யும், ஆனா கை பழக்கம் இல்லன்னா ஒரே இடத்துல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும், 2 தௌ வித்தியாசத்துக்காக அத நம்பி முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அளவு வந்தப்புறம் என்ன பண்றதுன்னா, டேப்பரும் ஓவாலிட்டியும் 3, 4 தௌக்குள்ள இருந்தா விளிம்ப ரீமர்ல (விளிம்ப சீவுற கருவி) எடுத்துட்டு ஹோன் பண்ணி ரிங் மாத்தலாம், விளிம்ப விட்டு வச்சா புது ரிங் அதுல மோதி ஒடயும். 8 தௌ தாண்டினா போர்தான். நடுவுல இருக்கறதுக்கு என் கணக்கு இப்படி, டேப்பர் மட்டும்னா ரிங்குக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம், ஓவாலிட்டி 5 தொட்டுச்சுன்னா யோசிக்காம போர் பண்ணுங்க.

அதுலயும் மேல சொன்ன 2.884 போருக்கு பத்து ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்ட விட 10 தௌ பெரிய பிஸ்டன்) போதும்னு தோணும், 2.885 வருதேன்னு. போதாது. தேய்மானம் ரெண்டு சுவர்லயும் சமமா இருக்காது, ஒரு பக்கம் 6 இன்னொரு பக்கம் 3ன்னு இருந்தா, பழைய மையத்துலயே போர் பண்றப்போ அந்த 6 போகவே விட்டத்துல 12 எடுக்கணும், ஆக இருபதுதான் போடணும். போர் பண்ற மெஷின்ல, தேஞ்ச மேல்பக்கத்த வச்சு மையம் பிடிச்சா போர் இடம் மாறிடும், அடிப்பக்கத்த வச்சு பிடிக்கச் சொல்லுங்க. பழைய பிஸ்டன் தலைல ஏற்கனவே 040ன்னு (40 தௌ ஓவர்சைஸ்) அடிச்சிருந்தா அடுத்த சைஸ் பிஸ்டன் கிடைக்குதான்னு சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைல விசாரிச்சுட்டு, இல்லன்னா ஸ்லீவ் (துளைக்குள்ள புதுசா சொருகுற இரும்புக் குழாய்) போட்டு ஸ்டாண்டர்டுக்கே கொண்டு வந்துடலாம். எதுவானாலும் பிஸ்டன முதல்ல வாங்கி கைல கொடுத்துட்டு அதோட ஸ்கர்ட்ட (ரிங்குக்கு கீழ இருக்குற பக்கச்சுவர்) அளந்து அதுக்கேத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க, வேலை முடிஞ்சதும் பெட்ரோல்ல துடைச்சா ஹோன் தூள் போகாது, சுடுதண்ணி சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு கழுவி, வெள்ளத் துணில துடைச்சா கறை வராத வரைக்கும் கழுவிட்டு, துரு ஏறறதுக்குள்ள உடனே ஆயில் தடவிடுங்க.